பட்டா வேறு, காப்புரிமை வேறு: உயிருள்ளவற்றின்மீது உரிமை கோருவது பற்றி ஓர் எளிய விளக்கம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் எங்கள் தமிழ் வகுப்புக்குப் பேத்தியை அழைத்துவரும் ஆயா ஒருவர், சில வாரங்களுக்கு முன் வகுப்பு முடிந்ததும் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். மஞ்சள், வேம்பு, பாசுமதி, இங்கே தேநீராகக் குடிக்கும் ரூய்பொஸ் செடி எல்லாவற்றையும் வெளிநாட்டு நிறுவனங்கள் தம் பெயருக்கு எழுதிக்கொண்டுவிட்டன என்றும், இனி அவற்றை வீட்டில் வளர்ப்பவரும் பணம் கட்ட வேண்டிவரும் என்றும் எச்சரிக்கும் வாட்ஸ்அப் செய்தி அது. "மஞ்சளுக்கே பட்டா போட்டுட்டாங்களாமே தம்பி, கொல்லையில இருக்கிற நாலு கிழங்கை நான் புடுங்கிடணுமா?" என்று கேட்டார்.

பிடுங்க வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் ஏன் வேண்டாம் என்பதை வாசலில் நின்றபடி சொல்லி முடிக்க இயலவில்லை. பல ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் கற்பித்த எனக்கு அது உறுத்தலாகவே இருந்தது. அந்தச் செய்தி மூட்டிய பயம் தவறானது; அதன் அடியில் இருந்த சினமோ நியாயமானது. இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால், கோபப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ கோபப்பட்டுக்கொண்டிருப்போம். அவருக்குச் சொல்லாமல் விட்டதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

பட்டாவும் காப்புரிமையும்

ஆயா சொன்ன 'பட்டா' என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். பட்டா ஒரு பொருளின்மீதுள்ள உடைமையைக் காட்டுவது. நிலம் என் பெயரில் இருந்தால் அதில் நான் குடியிருக்கலாம், உழலாம், விற்கலாம்; எனக்குப் பின் என் பிள்ளைகளுக்குச் சேரும்; அதற்குக் காலவரம்பு கிடையாது. காப்புரிமையின் இயல்பு வேறு. புதிதாக ஒன்றை உருவாக்கியவர், அதை எப்படிச் செய்வது என்பதை ஒளிவுமறைவின்றி எழுதி வெளியிட்டால், அதற்கு ஈடாக, தம் இசைவின்றி அதைப் பிறர் செய்யவோ பயன்படுத்தவோ விற்கவோ இறக்குமதி செய்யவோ கூடாதென்று தடுக்கும் அதிகாரத்தை அரசு அவருக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு வழங்குகிறது. அந்தத் தடுக்கும் அதிகாரமே காப்புரிமை. பெரும்பாலான நாடுகளில் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளில் அது முடிந்துவிடும். வழங்கிய நாட்டின் எல்லைக்கு வெளியே அதற்கு வலிமையும் இல்லை. அமெரிக்கக் காப்புரிமையைக் காட்டி டர்பனில் ஒருவரைத் தடுக்க முடியாது.

டர்பன் விக்டோரியா வீதிச் சந்தையில் மசாலாத் தூள்களைக் கோபுரம் கோபுரமாகக் குவித்து வைத்திருக்கும் கடைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடைக்காரர் தம் கலவையின் அளவுகளை மகனுக்கு மட்டும் சொல்லிக் காத்துவந்தால் அது தொழில் ரகசியம். ரகசியம் இருக்கும்வரை ஆதாயம் அவருக்கே. வேறொருவர் தாமே அரைத்துப் பார்த்து அதே கலவைக்கு வந்து சேர்ந்தால் அவரைத் தடுக்க வழியில்லை. கடையின் பெயரை வேறெவரும் உறையில் அச்சிட்டுக்கொள்ளாமல் காப்பது வணிகக்குறி. காப்புரிமை இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வழி: அளவுகளை ஊரறியச் சொல்லிவிடு, 20 ஆண்டுகள் உனக்கு மட்டும், பிறகு எல்லார்க்கும் பொது என்னும் பேரம்.

இம்மூன்றையும் கலந்து பேசுவதால் வரும் குழப்பத்துக்கு ரூய்பொஸ்ஸே சாட்சி. 'ரூய்பொஸ்' என்ற சொல்லை 1994இல் ஒரு நிறுவனம் அமெரிக்காவில் வணிகக்குறியாகப் பதிவு செய்தது. அந்தத் தளையை அவிழ்க்க நம் நாட்டு உற்பத்தியாளர்கள் 2005 வரை போராட வேண்டியிருந்தது. பறிபோனது பெயர்தான். வாட்ஸ்அப் செய்தியோ செடியே போய்விட்டதாக எழுதியிருந்தது.

காப்புரிமை ஆவணம் ஒன்று கைக்கு வந்தால் கவனித்துப் படிக்க வேண்டியது கடைசியில் எண்ணிட்டு வரும் வாக்கியங்களை. என் உரிமை இந்த எல்லைக்குள் அடங்கியது என்று வேலி போட்டுக் காட்டும் அவ்வாக்கியங்களுக்கு உரிமைக்கோரல்கள் என்று பெயர். 1995இல் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையம் பெற்ற மஞ்சள் காப்புரிமையில், உரிமைக்கோரல் செடியையும் கிழங்கையும் பற்றிப் பேசவில்லை. காயத்தை ஆற்றுவதற்கு மஞ்சளைப் பயன்படுத்தும் முறையைப் பற்றிப் பேசியது. ஆகவே ஆயாவின் கொல்லைக்கும் அதற்கும் என்றுமே தொடர்பில்லை. ஆனால் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அழுதுவரும் பிள்ளைக்கு மஞ்சளைக் குழைத்துப் பூசும் கைப்பக்குவத்தை, கடல் கடந்து இங்கே வந்தபின்னும் நம் வீட்டுப் பெண்கள் மறக்காத ஒன்றை, ஒரு நிறுவனம் தன் புதுச்செயல் என்று எழுதிக்கொண்டது. நம்மைச் சுட வேண்டியது அதுதான். அந்தக் கதையின் முடிவைச் சற்றுப் பின்னர் சொல்கிறேன்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: காப்புரிமை என்பது பொருளின்மீதுள்ள உடைமை ஆகாது; பிறரைத் தடுக்கும் அதிகாரம் அது. அதற்குக் கால எல்லை உண்டு, நாட்டு எல்லை உண்டு, உரிமைக்கோரல் போடும் வேலியும் உண்டு.

'கண்டுபிடிப்பு' என்ற ஒரே சொல்

நம் மொழியில் இங்கே ஒரு தடுமாற்றம் இருக்கிறது. மலையில் இதுவரை எவரும் பார்த்திராத பூவைப் பார்த்தாலும் கண்டுபிடிப்பு என்கிறோம். மின்விளக்கைச் செய்தாலும் கண்டுபிடிப்பு என்கிறோம். முன்னது ஏற்கெனவே இருந்ததைக் காண்பது, பின்னது இல்லாததை ஆக்குவது. இக்கட்டுரைக்காக முன்னதைக் கண்டறிதல் என்றும் பின்னதைப் புத்தாக்கம் என்றும் பிரித்துக்கொள்வோம். காப்புரிமை புத்தாக்கத்துக்கு மட்டுமே உரியது. அந்தப் புத்தாக்கமும் புதியதாக இருக்க வேண்டும். அத்துறையில் தேர்ந்தவர் ஒருவருக்கு இயல்பாகவே தோன்றிவிடக்கூடியதாக இருக்கக் கூடாது. தொழிலுக்குப் பயன்பட வேண்டும். உயிருள்ளவை பற்றிய வழக்குகள் பெரும்பாலும் இந்த ஒரே கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கின்றன: இது கண்டறிந்ததா, ஆக்கியதா?

பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் 1873இலேயே நோய்க்கிருமி கலவாத ஈஸ்ட்டுக்கு, அதாவது நொதிக்கச் செய்யும் நுண்ணுயிருக்கு, அமெரிக்காவில் காப்புரிமை பெற்றிருக்கிறார். ஆயினும் கதவை அகலத் திறந்தது 1980இல் வந்த ஒரு தீர்ப்பு. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றியபோது, கச்சா எண்ணெயைச் சிதைக்கும் ஒரு பாக்டீரியத்தை உருவாக்கினார். எண்ணெயின் வெவ்வேறு கூறுகளைச் சிதைக்கும் திறன் இயற்கையில் வெவ்வேறு பாக்டீரியங்களில் இருந்தது. அந்தத் திறனைத் தாங்கிய சிறு டிஎன்ஏ வளையங்கள் பலவற்றை அவர் ஒரே பாக்டீரியத்துக்குள் சேர்த்தார். உயிருள்ளது என்பதால் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ, ஒன்பது நீதிபதிகளில் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து, உயிர் உள்ளதா இல்லையா என்பது கேள்வி அன்று, மனிதர் ஆக்கியதா இயற்கை ஆக்கியதா என்பதே கேள்வி என்று தீர்ப்பளித்தது.

அந்தத் தர்க்கம் பாக்டீரியத்தோடு நிற்கவில்லை. எட்டே ஆண்டுகளில், புற்றுநோய் எளிதில் வரும்படி மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிக்கு ஹார்வர்டு பல்கலைக்கழகம் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. துன்புறுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட ஓர் உயிரைப் புத்தாக்கம் என்று அழைக்கலாமா என்ற கேள்விக்கு நாடுகள் ஒரே விடை சொல்லவில்லை. அந்த விலங்கு படும் துன்பத்தையும் மனிதருக்குக் கிடைக்கும் மருத்துவப் பயனையும் தராசில் வைத்துப் பார்த்து, ஐரோப்பா வரம்புகளோடு இசைந்தது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 2002இல் மறுத்துவிட்டது.

மனித மரபணுவும் தப்பவில்லை. மரபணு என்பது உடல் எப்படி அமைய வேண்டும் என்பதற்கான குறிப்பு எழுதப்பட்ட டிஎன்ஏ துண்டு. மார்பகப் புற்றுநோயையும் சூலகப் புற்றுநோயையும் முன்னறியப் பயன்படும் இரண்டு மனித மரபணுக்களை உடலிலிருந்து பிரித்தெடுத்ததால், அவை தன் புத்தாக்கம் என்று மிரியட் என்ற நிறுவனம் காப்புரிமை வாங்கியிருந்தது. அமெரிக்காவில் அந்தச் சோதனைக்கு 3,000 டாலருக்கும் மேல் கட்டணம். வேறிடத்தில் செய்துகொள்ளவோ, கிடைத்த முடிவைச் சரிபார்க்கவோ பெண்களுக்கு வழியில்லை. 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மரத்திலிருந்து இலையைப் பறித்தவர் இலையை ஆக்கியவர் ஆகமாட்டார் என்று நாம் சொல்வோமே, அதே வகைத் தர்க்கத்தில், பிரித்தெடுத்தல் ஆக்குதல் ஆகாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆய்வகத்தில் செயற்கையாகத் தொகுக்கப்பட்ட டிஎன்ஏவுக்கு மட்டும் காப்புரிமை செல்லும் என்றது. வேறு ஆய்வகங்கள் உடனே அதே சோதனையைத் தொடங்கின. என் கணிப்பில் இத்துறையில் மிகத் தெளிவான தீர்ப்பு இதுதான். ஆனால் அது வருவதற்குள் பல பெண்கள் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

விதை நாற்காலி அன்று

காப்புரிமை பெற்ற ஒரு நாற்காலியை நான் விலைக்கு வாங்கினால், அதில் உட்காரலாம், பழசானதும் விற்கலாம், தங்கை வீட்டுக்குக் கொடுக்கலாம். விற்றதோடு காப்புரிமையாளரின் பிடி அந்த நாற்காலியிலிருந்து விலகிவிடுகிறது. நாற்காலி குட்டி போடாது என்பதால் இதில் சிக்கல் எழுவதில்லை. விதை அப்படியா? மண்ணில் இட்டால் ஒன்று நூறாகிறது. அந்த நூறும் நான் வாங்கியதன் தொடர்ச்சியா, இசைவின்றி நான் செய்த நூறு நகல்களா?

உழவர் மரபில் இதற்கு விடை ஐயமற்றது. பட்டினி கிடந்தாலும் விதைநெல்லைத் தொடமாட்டான் உழவன் என்பார்கள். அறுவடையில் ஒரு பங்கு அடுத்த விதைப்புக்கு என்பது உழவின் இலக்கணமே. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013இல் பவ்மன் என்ற இந்தியானா மாநில உழவரின் வழக்கில் வேறு விடை சொன்னது. தானியக் கிடங்கில் பொதுவாக விற்ற சோயாவை வாங்கி விதைத்து, அதிலிருந்து மீண்டும் விதை எடுத்தவர் அவர். அந்தச் சோயாவில் மான்சாண்டோ நிறுவனத்தின் காப்புரிமைக்கு உட்பட்ட, களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு இருந்தது. விதை தானாகவே பெருகியது என்ற வாதம் ஏற்கப்படவில்லை. விதைத்ததும் அறுத்ததும் அவர் செய்த செயல் என்று நீதிமன்றம் கருதியது.

இன்னொரு வழக்கு நம் பேச்சில் அடிக்கடி தவறாக அடிபடுகிறது. கனடா உழவர் ஷ்மைசரின் வயலில், மான்சாண்டோவின் களைக்கொல்லி தாங்கும் மரபணுவைக் கொண்ட விதை காற்றில் பறந்து வந்து முளைத்ததற்காக அவர்மீது அந்நிறுவனம் வழக்குப் போட்டது என்பார்கள். முதலில் முளைத்த செடிகள் எப்படி வந்தன என்பதற்காக அவர் தண்டிக்கப்படவில்லை. களைக்கொல்லி அடித்தும் பிழைத்த செடிகளின் விதையை அவர் சேர்த்து வைத்து, மறு ஆண்டு ஏறத்தாழ 1,000 ஏக்கரில் விதைத்தார். அந்தப் பயிரில் 95 விழுக்காட்டுக்கும் மேல் அந்த மரபணு இருந்ததாக நீதிமன்றம் கண்டது. 2004இல் கனடா உச்ச நீதிமன்றம் காப்புரிமை மீறல் என்று தீர்ப்பளித்தாலும், அந்த மரபணுவால் அவருக்குத் தனி ஆதாயம் இல்லை என்பதால் நிறுவனத்துக்குப் பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை என்றது. உண்மை இவ்வளவு நுட்பமானது. ஆனாலும் கேள்வி ஒன்று தீராமல் நிற்கிறது: மகரந்தம் வேலியைப் பார்த்து நிற்பதில்லை, என் வயலுக்குள் நான் கேட்காமலே வந்ததைக் கண்காணிக்கும் சுமையை என் தலையில் வைப்பது எவ்வகையில் முறை?

தென்னாப்பிரிக்காவில் இது தொலைதூரச் செய்தி அன்று. நம் குவாசுலு-நட்டால் மாநிலத்தின் வடக்கே மக்காத்தினி சமவெளியில் சிறு உழவர்கள் 1990களின் இறுதியிலேயே மரபணு மாற்றப்பட்ட பருத்தியைப் பயிரிட்டார்கள். நாட்டில் விளையும் மக்காச்சோளத்தில் பெரும்பகுதி இன்று மரபணு மாற்றப்பட்டதே. இங்குள்ள 1978ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் தாவர வகைக்கோ விலங்கு வகைக்கோ காப்புரிமை தருவதில்லை. அப்படியானால் விதைமீது உரிமை எப்படி வருகிறது? இரண்டு வாசல் வழியாக. செடிக்குள் ஆய்வகத்தில் செலுத்திய மரபணுத் தொகுப்பையும் அதைச் செலுத்தும் முறையையும் காப்புரிமையால் காக்கிறார்கள். அந்தச் செடியின் வகையைப் பயிர்வகை உரிமையால் காக்கிறார்கள்; நெடுங்காலம் அதைத் தந்தது 1976ஆம் ஆண்டுச் சட்டம். புதிய பயிர்வகையை உருவாக்கியவருக்கு அதைப் பெருக்கி விற்கும் உரிமையை 20 ஆண்டுகளுக்கும், மரங்களுக்கும் கொடிமுந்திரிக்கும் 25 ஆண்டுகளுக்கும் தந்தது அது. காப்புரிமையைவிட இது இளகியது: முறைப்படி விதை வாங்கிய உழவர் தம் விளைச்சலில் ஒரு பகுதியைத் தம் நிலத்திலேயே மீண்டும் விதைத்துக்கொள்ள அந்தச் சட்டம் இடம் தந்தது. ஒரே பையில் உள்ள விதைக்கு இரண்டு உரிமைகளும் பொருந்தும்போது, இளகியது தருவதை இறுக்கமானது பறித்துவிடுகிறது. விதை வாங்கும்போது கையெழுத்திடும் தாளைப் படிக்காத உழவருக்கு இது தெரியவருவது தாமதமாகத்தான்.

இந்த இடத்தில் எனக்குக் கரும்பு நினைவுக்கு வருகிறது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பனில் இறங்கிய நம் முன்னோர் கரும்புத் தோட்டங்களுக்காகவே கொண்டுவரப்பட்டவர்கள். கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் ஒட்டுச்சேர்த்த விதையை இங்கே கொண்டுவந்து, மவுண்ட் எட்ஜ்கோம்ப் ஆய்வு நிலையத்தில் முளைக்கவைத்துத் தேர்ந்தெடுத்து, 1945இல் வெளியிட்ட வகையின் பெயர் என்.கோ. 310. 'என்' என்பது நட்டாலையும் 'கோ' என்பது கோயம்புத்தூரையும் குறிக்கும். அது தைவான் உட்படப் பல நாடுகளின் வயல்களுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு ஊர்களும் தம் பெயரைக் கொடுத்தனவே ஒழிய, எவரையும் தடுக்கும் அதிகாரத்தைக் கேட்கவில்லை. கரும்பு கரணையால் பெருகுவது. ஒரு கணுவை வெட்டி நட்டால் அதே கரும்பு. கோயம்புத்தூரில் அரசுப் பணத்திலும் இங்கே கரும்புத் தொழில்துறையின் பொதுப்பணத்திலும் நடந்த ஆய்வு என்பதால் அந்தத் தாராளம் இயன்றது என்பதையும் மறக்கலாகாது.

சுருக்கமாக: உயிர் தன்னைத் தானே பெருக்கிக்கொள்வதால், நாற்காலிக்காக எழுந்த சட்டம் விதைக்குப் பொருந்தும்போது, விற்ற பிறகும் விற்றவரின் கை வாங்கியவரின் வயலுக்குள் நீள்கிறது.

மேம்பாலத்து மூலிகைச் சந்தை

டர்பன் வார்விக் சந்திப்பில், கட்டி முடிக்கப்படாமல் நின்றுபோன மேம்பாலத்தின்மீது மூலிகைச் சந்தை ஒன்று இருக்கிறது. பட்டை, வேர், கிழங்கு, உலர்ந்த இலைக்கட்டு என்று சாக்கின்மேல் பரப்பி வைத்து விற்பவர்களில் பெரும்பாலோர் சூலு பெண்கள். ஒரு முறை செம்பழுப்பான வேர் ஒன்றை எடுத்து இது எதற்கு என்று கேட்டேன். நெஞ்சுச் சளிக்கு என்று சொல்லி, நகத்தால் அதன் தோலைச் சுரண்டி உள்நிறத்தைக் காட்டி, இந்த நிறம் இல்லாததை வாங்காதே என்று எனக்குக் கற்றுத்தந்தார் கடைக்கார அம்மா. அதற்கு அவர் காசு கேட்கவில்லை. அவருக்கு அதைச் சொன்னவரும் கேட்டிருக்கமாட்டார்.

மரபறிவு என்று நாம் சொல்வது இதைத்தான்: ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திச் சரிபார்த்துக் கைமாற்றிவந்த அறிவு. இன்னார்தான் கண்டார் என்று பெயர் இல்லாததாலும், பெரும்பாலும் எழுத்தில் இல்லாததாலும், காப்புரிமை அலுவலகத்தின் கண்ணுக்கு இது தெரிவதில்லை. அந்த அறிவை எடுத்துக்கொண்டு, சொன்னவர்களைக் கேட்காமலும் அவர்களுக்குப் பங்கு தராமலும் தம் புத்தாக்கம் என்று பதிந்துகொள்வதை உயிர்க்கொள்ளை என்பார்கள்.

மஞ்சள் வழக்கின் முடிவு இங்கேதான் வருகிறது. இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் அந்தக் காப்புரிமையை எதிர்த்து, பழைய வடமொழி நூல் முதல் 1953இல் ஓர் இந்திய மருத்துவ இதழில் வந்த கட்டுரைவரை சான்றுகளைத் திரட்டிக் கொடுத்தது. 1997இல் அது நீக்கப்பட்டது. வேப்பெண்ணெயால் பயிர்ப் பூசணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு அமெரிக்க வேளாண் துறையும் கிரேஸ் நிறுவனமும் பெற்ற ஐரோப்பியக் காப்புரிமை 1995இல் எதிர்க்கப்பட்டு, 2000இல் நீக்கப்பட்டு, மேல்முறையீடும் முடிய 2005 ஆயிற்று. ஒன்றைக் கவனியுங்கள். மஞ்சளை மீட்டது பாட்டியின் சொல் அன்று, அச்சில் இருந்த சான்று. எழுதிவைக்காத சமூகத்துக்கு அந்தக் கதவு அத்தனை எளிதில் திறக்காது.

எழுதிவைக்காத சமூகத்தின் கதைக்கு ஹூடியாவைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. கலஹாரிப் பாலை நிலத்தில் வாழும் சான் மக்கள் நெடுந்தொலைவு வேட்டைக்குப் போகும்போது, கள்ளிபோல் முள்ளோடு நிற்கும் ஹூடியாவின் தண்டைச் சீவி மென்று பசியையும் தாகத்தையும் அடக்கிக்கொள்வார்கள். இந்தப் பழக்கத்தை அறிந்திருந்த தென்னாப்பிரிக்க அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம், 1960களில் காட்டு உணவுச் செடிகளை ஆராய்ந்தபோது ஹூடியாவையும் எடுத்துக்கொண்டது. பசியடக்கும் சாற்றுக்கு 1995இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. பின் ஃபைட்டோஃபார்ம் என்ற ஆங்கிலேய நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. அந்நிறுவனம் ஃபைசரோடு உடன்பாடு செய்தது. உடல் இளைக்க விரும்பும் பணக்கார நாட்டவருக்கு மாத்திரை செய்வது நோக்கம். இத்தனையும் நடந்தபோது சான் மக்களிடம் ஒருவரும் ஒரு சொல்லும் கேட்கவில்லை. 2001இல் பத்திரிகைகள் எழுதிய பிறகே அவர்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது.

அதன்பின் சான் மன்றம் பேச்சுவார்த்தைக்கு வந்தது. 2003 மார்ச்சில் கையெழுத்தான உடன்படிக்கை, ஆய்வு மன்றத்துக்குக் கிடைக்கும் உரிமத்தொகையில் 6 விழுக்காட்டையும், ஆய்வின் ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் அதற்கு வரும் தொகையில் 8 விழுக்காட்டையும் சான் மக்களுக்கு ஒதுக்கியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாத்திரையின் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆய்வு மன்றத்துக்கு வருவது. அந்தச் சிறு பங்கில்தான் இந்த 6 விழுக்காடு. அதுவும் கைக்கு வந்து சேரவில்லை. 2003இல் ஃபைசர் விலகியது. அடுத்து வந்த யூனிலீவரும் பாதுகாப்பும் பயனும் போதவில்லை என்று 2008இல் விட்டுவிட்டது. இடைப்பட்ட காலத்தில், காப்புரிமைக்கு உட்பட்ட சாறாக அல்லாமல் வெறும் உலர்ந்த ஹூடியாத் தூளாக அமெரிக்கச் சந்தையில் எத்தனையோ பேர் விற்றுக்கொண்டிருந்தார்கள். உரிமைக்கோரல் போட்ட வேலிக்கு வெளியே நடந்த வணிகம் அது. சான் மக்களுக்கு அதில் செல்லாக்காசுகூட இல்லை. காட்டில் செடி குறைந்துபோய், பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

கிழக்குக் கேப் மாநிலத்தில் அலிஸ் என்னும் ஊரைச் சேர்ந்த மக்கள் வேறு வழியில் போனார்கள். இருமலுக்கும் சளிக்கும் அவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் பெலர்கோனியம் வேரிலிருந்து சாறு எடுக்கும் முறைக்கு ஷ்வாபே என்ற ஜெர்மானிய நிறுவனம் பெற்ற ஐரோப்பியக் காப்புரிமையை எதிர்த்து வழக்காடினார்கள். புத்தாக்கம் என்று சொல்லத்தக்கது அதில் எதுவும் இல்லை என்று 2010 ஜனவரியில் அது நீக்கப்பட்டது. ரூய்பொஸ்ஸில் நடந்தது இன்னும் வேறு. செடர்பெர்க் மலைப்பகுதியில் மட்டுமே இயற்கையாக வளரும் அந்தச் செடியின் அறிவு கோய், சான் என்னும் பழங்குடி மக்களுடையது என்று ரூய்பொஸ் தொழில்துறையே ஒப்புக்கொண்டு, தோட்டத்தில் கொள்முதல் செய்யும் விலையில் 1.5 விழுக்காட்டை அவர்களுக்குத் தர 2019 நவம்பரில் உடன்பட்டது. ஒரு மாத்திரை வெற்றி பெறுமா என்று காத்திராமல் ஒவ்வொரு அறுவடையிலும் பங்கு என்பதால், ஹூடியா உடன்படிக்கையைவிட இதையே நான் மேலானதாகக் கருதுகிறேன்.

சட்டம் என்ன கேட்கிறது

உலக வர்த்தக அமைப்பின் 1995ஆம் ஆண்டு அறிவுச்சொத்து உடன்படிக்கைப்படி, செடிகளுக்கும் விலங்குகளுக்கும் காப்புரிமை மறுக்க நாடுகளுக்கு உரிமை உண்டு. நுண்ணுயிர்களுக்கு மறுக்க இயலாது. பயிர்வகைகளுக்கு ஏதேனும் ஒரு பாதுகாப்பு தந்தாக வேண்டும். 1992ஆம் ஆண்டு உயிர்ப்பன்மை உடன்படிக்கையோ, ஒரு நாட்டின் உயிர்வளம் அந்த நாட்டின் இறையாண்மைக்கு உட்பட்டது, எடுப்பவர் கேட்டு எடுக்க வேண்டும், பயனைப் பகிர வேண்டும் என்கிறது. இரண்டும் ஒரே பொருளை இரு திசையில் இழுக்கின்றன.

நம் நாடு 2004இல் உயிர்ப்பன்மைச் சட்டத்தை இயற்றியது. 2005இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, புத்தாக்கம் உள்நாட்டு உயிர்வளத்தையோ மரபறிவையோ சார்ந்ததா என்பதை விண்ணப்பதாரர் எழுதித் தர வேண்டும் என்றது. நல்ல விதி. ஆனால் இங்குள்ள காப்புரிமை அலுவலகம் நெடுங்காலமாகவே விண்ணப்பத்தின் வடிவத்தைப் பார்த்துப் பதிவு செய்ததே தவிர, அது உண்மையிலேயே புதியதா என்று ஆராய்ந்ததில்லை. தவறு இருந்தால் பாதிக்கப்பட்டவர் வழக்குப் போட்டு நீக்க வேண்டும். மேம்பாலத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் அம்மா எந்த வழக்கறிஞரிடம் போவார்? 2024 மே மாதம் உலக அறிவுச்சொத்து அமைப்பில் ஏற்கப்பட்ட புதிய ஒப்பந்தம், உயிர்வளம் எந்த நாட்டிலிருந்து வந்தது, மரபறிவு யாரிடமிருந்து வந்தது என்று விண்ணப்பத்திலேயே வெளிப்படுத்தக் கோருகிறது. பயனைப் பகிர வேண்டும் என்பதுவரை அது போகவில்லை.

காப்புரிமை வேண்டும் என்பவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு

ஒரு மருந்தையோ பயிரையோ உருவாக்கப் பல ஆண்டுகளும் பெரும் பணமும் ஆகின்றன. முதல் நாளே பிறர் நகலெடுத்துவிட முடியுமானால் எவரும் பணம் போடமாட்டார்கள் என்பது அவர்கள் வாதம். காப்புரிமை இல்லாவிட்டால் அறிவு பொதுவாகிவிடும் என்று நினைப்பதும் தவறு. மசாலாக் கடைக்காரரைப்போல நிறுவனங்கள் பூட்டிவைத்துக்கொள்ளும்; வெளியிடச் செய்வதே காப்புரிமையின் சிறப்பு. சக்கரவர்த்தியின் பாக்டீரியம் போன்றவற்றில் இந்த வாதம் எனக்கு ஏற்புடையது. அவர் செய்தது அதற்கு முன் உலகில் இல்லை. அதனால் யாருடைய கையிலிருந்தும் எதுவும் பிடுங்கப்படவில்லை.

ஆனால் அந்தப் பேரத்தின் நியாயம் முழுவதும் ஒன்றை நம்பியே நிற்கிறது: எங்களுக்குத் தெரியாத ஒன்றை நீ சொல்கிறாய் என்பது. மஞ்சள் காயத்தை ஆற்றும் என்று நமக்கே திருப்பிச் சொல்பவர் நமக்கு எதைத் தந்தார்? அவருக்கு 20 ஆண்டு அதிகாரம் எதற்கு விலை? மறுபுறம், உண்மையான புத்தாக்கமே ஆனாலும், தடுக்கும் அதிகாரம் உயிர்பிழைக்கத் தேவையான ஒன்றின்மீது விழும்போது வேறொரு கணக்கு வந்து சேர்கிறது. இந்த நாட்டில் அதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். எய்ட்ஸ் நோய் வீடு வீடாகப் புகுந்திருந்த காலத்தில், மலிவான மருந்துகளை வரவழைக்க இடம் தந்த சட்டத்தை எதிர்த்து மருந்து நிறுவனங்கள் பிரிட்டோரியாவில் வழக்காடின. உலகெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின் 2001 ஏப்ரலில் அந்த 39 நிறுவனங்களும் வழக்கைத் திரும்பப் பெற்றன. அது உயிரின்மீதான காப்புரிமை வழக்கு அன்று, மருந்தின்மீதானது. ஆனால் காப்புரிமை என்ற சொல்லை இங்குள்ள சாதாரண மக்கள் அச்சத்தோடு உச்சரிப்பதற்குக் காரணம் அந்த ஆண்டுகள்தான். ஆயாவின் குரலிலும் அது இருந்தது.

ஆகவே இனி இப்படிப்பட்ட செய்தி ஒன்று வந்தால், எந்த நாட்டில், எந்த ஆண்டில், உரிமைக்கோரல் சரியாக எதன்மீது என்று முதலில் கேட்கச் சொல்வேன். அதற்கு விடை கிடைத்த பிறகு, இதை முதலில் அறிந்திருந்தவர் யார், அவரைக் கேட்டார்களா என்று கேட்க வேண்டும். பாசுமதியை இப்படி உரைத்துப் பாருங்கள்: 1997இல் அமெரிக்காவில் ரைஸ்டெக் நிறுவனம் பெற்ற காப்புரிமை சில நெல் வகைகளையும் அரிசியின் சில பண்புகளையும் பற்றியது, இந்தியா எதிர்த்தபின் அதன் உரிமைக்கோரல்களில் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. நாம் சமைக்கும் பாசுமதி எவர் பெயரிலும் இல்லை.

செடியைத் தொடாமலே

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் ஒருவர் வந்து செடியையோ வேரையோ கையால் எடுத்துப் போக வேண்டியிருந்தது. எடுத்தவரைக் கேள்வி கேட்க அதுவே பிடி. இன்று ஒரு செடியின் டிஎன்ஏவில் உள்ள எழுத்து வரிசையைப் படித்து இணையத் தரவகத்தில் ஏற்றிவிட்டால், உலகின் எந்த மூலையிலும் உள்ள ஆய்வகம் அதைத் தரவிறக்கி, தேவையான மரபணுவைத் தானே செய்துகொண்டு, அதன்மேல் கட்டிய புத்தாக்கத்துக்குக் காப்புரிமை கேட்கலாம். எல்லை கடந்து எந்த வேரும் போகவில்லை. கேட்டு எடுக்க வேண்டும் என்ற சட்டத்துக்குப் பிடிபட எதுவும் கையில் இல்லை. இதை ஈடுகட்ட, 2024இல் கொலம்பியாவின் காலி நகரில் கூடிய உயிர்ப்பன்மை மாநாடு, அத்தகைய தரவால் ஆதாயம் பெறும் பெரிய நிறுவனங்கள் ஆதாயத்தில் 1 விழுக்காட்டையோ வருவாயில் 0.1 விழுக்காட்டையோ பொது நிதிக்குத் தரலாம் என்று அளவு வகுத்தது; அதில் குறைந்தது பாதி பழங்குடி மக்களுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் போக வேண்டும் என்றது. 2025 பிப்ரவரியில் அந்த நிதி தொடங்கப்பட்டது. தருவதா வேண்டாமா என்பது இப்போதைக்கு நிறுவனங்களின் விருப்பம். நகத்தால் வேரைச் சுரண்டி நிறம் காட்டிய அந்த அம்மாவுக்கு இதில் ஒரு பங்கு எந்த வழியாக வந்து சேரும் என்பதைத்தான் இனி எழுதப்போகும் விதிகள் சொல்ல வேண்டியிருக்கிறது.